சர்க்கரைக்காரன் கால்

அம்மா என் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

சர்க்கரை வந்தவனுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாதாம். யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, வாரம் தவறாமல் இந்தச் சோதனை.

எனக்குச் சர்க்கரையே கிடையாது.

எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவை அம்மா பார்த்துவிட்டு என்னவென்று கேட்ட அன்று, சட்டென்று வாயில் வந்த பொய் அது. உண்மையைச் சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பாள். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதில் போய் முடியும். சர்க்கரை என்றால் யாரும் எப்படி என்று கேட்பதில்லை.

அன்றிலிருந்து சர்க்கரை போடாத காபி. விசேஷ வீடுகளில் நான் கை நீட்டுவதற்குள் அப்பா இனிப்புத் தட்டை நகர்த்திவிடுவார். நானும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்வேன்.

இன்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ரத்தத்தில் வைரஸ், பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மாத்திரையை விடாதவரை உடலுறவில் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லை.

பேக்கரியில் நுழைந்து பெரிய கேக்காக வாங்கி வந்துவிட்டேன். மேஜையில் வைத்த பிறகுதான் நான் சர்க்கரைக்காரன் என்பதே ஞாபகம் வந்தது.

அம்மா கேக்கைப் பார்த்தாள். உட்கார்ந்து, காலை நீட்டச் சொன்னாள்.

பக்கத்து அறையில் அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டால் இந்தக் கை இனி என் காலைத் தொடுமா?

"அம்மா, எனக்குச் சக்கரை இல்லம்மா. அந்த மாத்திரை வேற."

அவள் கை நிற்கவில்லை. குதிகாலை அழுத்திப் பார்த்தாள்.

"தெரியும்டா. டப்பாவ அன்னைக்கே மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டுட்டேன்."

அப்படியென்றால் இத்தனை காலமும் தெரிந்தேதான் தொட்டிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது.

எப்படி வந்தது என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன். கேட்டுத் தொலைக்கட்டும் என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன். அதைச் சொல்லிவிட்டால் டாக்டர் சொன்னதையும் சொல்லலாம்.

அம்மா அப்பாவின் அறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். இடது காலைப் பதமாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"சக்கரைன்னே இருக்கட்டும்," என்றாள். "வலது காலக் குடு."