நீலம் அண்ணாச்சி

“அண்ணாச்சி, நாளைக்குச் சாத்தூர்லேருந்து வேற ஆள் வர்றான். இன்னைக்கே ஒரு முடிவு சொல்லிருங்க. பெறகு மருந்து கலக்குற கலர் ரூம் உங்களுக்கு இல்ல.”

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் நல்லசிவம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தேவாசீர்வாதத்தின் பார்வை சுவரோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் இருந்தது.

தொட்டியில் மீன் இல்லை. மேலே ஆகாயத்தாமரை நெருக்கியடித்து மிதந்தது. கீழே தொங்கிய வேர்களில் நகத்தளவு சிவப்பு இறால்கள் தொற்றிக்கொண்டு எதையோ கொறித்துக்கொண்டிருந்தன. அவர் மனைவி ஞானஜோதி வளர்த்தவை. பொங்கலை ஒட்டி வந்த காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது. இந்தக் கூனி இறாலையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரந்தான் இருப்பீக?” நல்லசிவம் சிரித்துப் பார்த்தார்.

“கறிக்கு வளக்கல, தம்பி.”

காபி கொண்டுவந்த மகள் ஆஷ்லினுக்கு எரிச்சலாக வந்தது. மதுரையில் நர்ஸ் வேலை, லீவில் வந்திருந்தாள்.

“வானத்துல நீலம் பூக்கணும்னா எங்கப்பாதான் மருந்து கலக்கணும்னு ஊரே சொல்லும். நீலம் அண்ணாச்சின்னுதான் பேரே. அவரக் கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சிட்டு, சீசன் வந்ததும் தேடி வர்றீகளோ?”

நல்லசிவம் தம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரும்மா உக்கார வச்சது? உங்கம்மா காரியம் முடிஞ்ச மறுவாரமே அண்ணாச்சிதான் முதலாளி முன்னால வந்து நின்னாக. ‘கேட்டுல ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க, போதும்’னாக. உள்ள போறவன் செல்போன வாங்கி வச்சிட்டு, வெளிய வரும்போது எடுத்துக் குடுக்குறாக. பாக்குறதுக்கு எங்களுக்கே மனசு கேக்கல.”

ஆஷ்லின் அப்பாவிடம் திரும்பினாள். “நெசமாப்பா?”

“ஆமா.”

“மருந்துன்னா பயம் வந்துருச்சா?”

“முப்பது வருசமா இல்லாத பயம் இனிமேயா வரப்போகுது?”

“சம்பளத்துல குறையா? வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணாச்சி,” என்றார் நல்லசிவம்.

“ஒரு குறையும் இல்ல. சாத்தூர்க்காரனையே வச்சிக்கோங்க.”

“அவன் நீலம் போட்டா சாம்பலாத்தான் வெடிக்கும். நாரணாபுரத்துக் கம்பெனிக்காரன் பூராவும் கைகொட்டிச் சிரிப்பான். நீலம் அண்ணாச்சின்னு இனி ஒருத்தன் உங்களக் கூப்புட மாட்டான். பெறகு வந்து கேட்டா நான் பொறுப்பில்ல.”

“கேக்க மாட்டேன்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

நல்லசிவத்தின் பைக் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் ஆஷ்லின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா போனதுல நீங்க ஒடைஞ்சு போயிட்டீகப்பா. ஒங்க பேரையே ஒங்க கையால தூக்கிக் குடுத்துட்டீக. எங்கூட மதுரைக்கு வாங்க, ஒரு நல்ல டாக்டராப் பாப்போம்.”

அவர் எழுந்து பின்வாசலுக்குப் போனார். சோப்புப் போடாமல், வெறும் தண்ணீரில், முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வெளிச்சத்தில் ஒவ்வொரு நகமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தொட்டியருகே வந்து இலைகளை ஒதுக்கினார்.

“அப்பா! உள்ள கைய விடாதீக!”

பதற்றத்தில் ஆஷ்லின் வாயிலிருந்து வந்தது அம்மாவின் அதட்டல். அதே வார்த்தை, அதே குரல்.

“நீல மருந்துல செம்பு இருக்குல்லம்மா. நகக்கண்ணுல துளி ஒட்டியிருந்தாலும் இதுக அம்புட்டும் செத்துப்போகும்னு உங்கம்மா என்னய ஒருநாளும் விட்டதில்ல.” அவர் கை மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. “இப்பத்தான் பழைய நகம் பூராவும் வளந்து வெட்டுப்பட்டுப் போயிருக்கு.”

ஓர் இறால் வேரை விட்டு நீந்தி வந்து அவர் உள்ளங்கையில் ஏறியது. பின்னாலேயே இன்னொன்று. விரலிடுக்கெல்லாம் மெல்லிய கால்கள் ஊரத் தொடங்கின.

“தெனமும் உங்கம்மா கையில ஏறி உக்காந்ததுக இதுகதாம்மா,” என்றார் அவர், கையை அசைக்காமல்.