ஏகமனதான முடிவு

அண்ணன் ஜெகபர் அலி நெஞ்சு வலி வந்து ஐ.சி.யூ.வில் கிடக்க, மச்சி, அதாவது அண்ணன் மனைவி மெஹராஜ் பேகம், ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் சித்தீக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவும் சாம்பாரில் ஊறவைத்து!

சீர்காழி ஜவுளிக்கடையை அப்படியே போட்டுவிட்டு, வழியில் ஒரு டீ கூடக் குடிக்காமல் தஞ்சாவூருக்கு ஓடி வந்திருக்கிறான் அவன். இங்கே என்னடா என்றால்...

"வாங்க தம்பி. பாபநாசத்துல கடையைத் திறக்கும்போதே வேர்த்துக் கொட்டிருச்சு. கார் பிடிச்சு நேரா இங்க கொண்டாந்துட்டேன். ரத்தக்குழாய்ல அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"நல்லவேளை, நான் வந்துட்டேன்! இனிமே நீங்க எதுவும் பேச வேண்டாம் மச்சி. நாங்க பாத்துக்கறோம்."

மெஹராஜ் தலையாட்டிவிட்டு மறுபடி இட்லிக்குத் திரும்பினாள்.

அதற்குள் கும்பகோணத்திலிருந்து அக்கா கமருன்னிஸா ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் தம்பியின் காதைக் கடித்தாள்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு. கல்லுடா அவ!"

ஐ.சி.யூ. வாசலில் காவலாளி சாயங்காலம்தான் விடுவேன் என்று சொல்லிவிட்டான். அதனால் வராந்தாவிலேயே குடும்பக் கூட்டம் ஆரம்பமானது.

"சென்னைக்குக் கொண்டு போயிடலாம் லாத்தா" என்றான் சித்தீக் அக்காவிடம். "ஒரு புடவை எடுக்கவே ஜனங்க நாலு கடை ஏறி இறங்குது. இது இருதயம். முதல் கடையிலேயே பில் போடச் சொல்ற ஆளா நாம?"

"சென்னையும் வேண்டாம், கின்னையும் வேண்டாம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை. மூணையும் சுண்டக் காய்ச்சி தேன் விட்டுக் குடிச்சா எந்த அடைப்பும் கரைஞ்சு ஓடிரும். எங்க தெருவுல ஒருத்தருக்கு மூணு அடைப்பு. இப்ப சைக்கிள் ஓட்டறாரு." கமருன்னிஸா ஃபிளாஸ்க்கைத் தட்டிக் காட்டினாள்.

"ஸ்டென்ட் வச்சவனும்தான் சைக்கிள் ஓட்டறான்."

"அவனுக்கு உள்ள கம்பி இருக்குல்ல. என் தம்பி உடம்புல கம்பி ஏத்த விடமாட்டேன்!"

விவகாரம் துபாய்க்குப் போனது. கமருன்னிஸாவின் மகன் ஜாஹித் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏ.சி. மாட்டிக் கொடுத்தவன். அதிலிருந்து குடும்பத்தில் வைத்தியம் சம்பந்தமாக அவன் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

"ஸ்டென்ட்டா? இங்கல்லாம் அதை நிறுத்தியாச்சு மாமா" என்றான் வீடியோ காலில். "லேசர்தான். அடிச்சா அஞ்சே நிமிஷம். சென்னையில இருக்கான்னு கேளுங்க."

சென்னை என்றதும் சித்தீக் நிமிர்ந்தான். கமருன்னிஸா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சென்னையில் யார் வீட்டில் தங்குவது என்று ஒரு சண்டை வந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணத்தில் யாரைச் சரியாகக் கூப்பிடவில்லை என்று இன்னொரு சண்டை. நர்ஸ் வந்து இரண்டு தடவை "மெதுவா பேசுங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள். மெஹராஜ் மூலை நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

மத்தியானம் தாண்டி ஒருவழியாகச் சமாதானம் ஆனது. சென்னைக்குத்தான் போவது. வழி நெடுகப் பூண்டுச் சாறு கொடுத்துக்கொண்டே போவது.

டாக்டரம்மா வெளியே வந்ததும் சித்தீக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான்.

"குடும்பத்துல எல்லாரும் கலந்து ஏகமனதா முடிவு பண்ணியிருக்கோம். எங்க அண்ணனுக்கு நீங்க ஸ்டென்ட் வைக்கக் கூடாது."

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையிலேயே வச்சாச்சே. நல்லா இருக்கார். இப்பத்தான் கஞ்சி குடிச்சார்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"அவரைத்தான். நெஞ்சு அவரோடதுதானே?"

"அவருக்கு என்னம்மா தெரியும்? பயத்துல ஏதாவது உளறியிருப்பாரு!"

"ஆமா, ரொம்பத்தான் பயந்தார்" என்றாள் டாக்டரம்மா. "'எங்க அக்காவும் தம்பியும் கிளம்பிட்டாங்களாம். அவங்க வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிருங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினார்."

கமருன்னிஸா ஃபிளாஸ்க்கை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சித்தீக் விறுவிறுவென்று மூலைக்குப் போனான். மெஹராஜ் விழித்துக்கொண்டாள்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல இல்ல? காலையிலிருந்து நாங்க தொண்டைத் தண்ணி வத்தப் பேசறோம். வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"நான் சொல்லத்தான் இருந்தேன் தம்பி. உங்க அண்ணன்தான் வேண்டாம்னாங்க."

"எதுக்கு?"

மெஹராஜ் தயங்கினாள். அவன் விடுவதாக இல்லை. சுற்றிலும் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"'அவங்க ஆசை தீரப் பேசட்டும், தடுக்காதே. எங்களைப் பெத்த அத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்பவும் நாங்க மூணு பேரும் இப்படித்தான் வாசல்ல நின்னு பேசினோம். எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணி, அத்தாவைத் தூக்கி வேன்ல ஏத்தறப்பத்தான் தெரிஞ்சுது, அவங்க எப்பவோ மூச்சு நின்னு மௌத்தாயிட்டாங்கன்னு'... இப்படிச் சொன்னாங்க தம்பி."