விழாத கிண்ணம்

துஷான்பே நகரப் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நிலநடுக்கம்போல் குலுக்கிச் சுவர்களைச் சோதிக்கும் அதிர்மேடை ஓய்கிறது. சாம்பல் ஒளியில் புழுதி மெல்ல இறங்குகிறது. மேடைமேல் நிற்கும் மண்வீட்டு மாதிரியின் மாடத்தில், வழக்கம்போல் வைத்த தேநீர்க் கிண்ணம் விழவில்லை. "குடிங்கண்ணே, உங்க சுவர் ஜெயிச்சிருச்சு!" எனச் சிரித்தபடி அதை எடுக்கிறாள் உதவியாளர் நிகோரா. சுவரை வடிவமைத்த பொறியாளர் ஃபர்ருக் சிரிக்கவில்லை. பின்மூலையின் வெடிப்பில் அவர் விரல் முழுதும் புகுகிறது. அவரது ஆய்வை நம்பி இதே வகைச் சுவர்களால் கட்டிய பள்ளி ஒன்று மலைப் பள்ளத்தாக்கில் நிற்கிறது. நேற்றும் அங்கே நிலம் அதிர்ந்தது. நிகோராவின் தம்பி அங்கே ஆசிரியர். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்கிறாள் அவள். அவர் அவள் தம்பியைக் கைபேசியில் அழைக்கிறார். "புள்ளைங்கள உடனே வெளிய கூட்டிட்டு வாப்பா. பனி கொட்டினாலும் பரவாயில்ல." அசையாத மேடையருகே, நிகோராவின் கையில் கிண்ணம் நடுங்குகிறது.