போர்வைக்குள் ஒரு நிருபர்

பட்டப்பகலில் கட்டிலின் மேல் ஒரு கம்பளிப் போர்வை அரசியல் பேசிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவள் என் அத்தை. இஸ்லாமிய நாடுகளின் அரசியலை இருபத்திரண்டு வருடங்களாக வானொலிக்குச் சொல்லும் நிருபர். விடுப்பில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, அவள் வேலை பார்க்கும் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. குரல் எதிரொலிக்காமல் பதிவாக வேண்டும் என்பதால் போர்வைதான் ஸ்டுடியோ. ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்து, உள்ளே தலை அசையும்போதெல்லாம் சரிகிறது. கட்டில் ஓரத்தில் மாமா, அத்தையின் இன்னொரு போனை இரண்டு கையாலும் ஏந்தியபடி உட்கார்ந்திருக்கிறார். அங்கே அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பையன், அவள் தம்பி என்றே அழைப்பவன், நாடாளுமன்றச் சதுக்கத்துக்குப் போய் ஆறு மணி நேரமாக ஒரு தகவலும் இல்லை. "பிரதமர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை" என்கிறது போர்வை, கணீரென்று. போன் அதிர்கிறது. மாமா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போர்வையின் ஓரத்தைத் தூக்கித் தலையை நுழைக்கிறார். "உசுரோட இருக்கான்மா. ஒரு பேக்கரிக்குள்ள ஒளிஞ்சிருந்தானாம்." "ரெக்கார்டிங் போயிட்டிருக்கு, அறிவிருக்கா உங்களுக்கு? எத்தனை டாங்கி நிக்குதுன்னு எண்ணினானான்னு கேளுங்க." மாமா பணிவாகக் கேட்டுச் சொல்கிறார்: "பதினாலு டாங்கியாம்." போர்வை லேசாகக் குலுங்குகிறது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. "முதல்லேருந்து எடுக்கணும்," என்கிறது கடைசியில், கணீர் இல்லாத குரலில். "ரெண்டு நிமிஷம் குடுங்க."