யார் சரிபார்த்தது?

“மாப்பிள்ளை யாசின் சொக்கத் தங்கம்னு தரகர் சொல்றாரும்மா. இன்னும் என்ன யோசனை?” என்றார் அத்தா.

எம்.ஏ. ஆய்வேட்டில் வாரப் பத்திரிகைக் கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டி, பேராசிரியையிடம் நேற்றுத்தான் திட்டு வாங்கியிருந்தாள் ருக்ஸார்.

“பத்திரிகையில விக்கிறதுக்காக எழுதுவாங்க அத்தா. ஆய்விதழ்னா, விஷயம் தெரிஞ்சவங்க குறை தேடிப் பார்த்த பிறகுதான் அச்சுக்கே போகும். தரகர் பேச்சை யாரு சரிபார்த்தா?”

அவளே கிளம்பிப் போய், பேகம்பூரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். யாசினுக்கு முன்பு நிச்சயமாகி, அது நின்றுபோன நர்கீஸ், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

“யாசின்கிட்ட என்ன குறைன்னு மறைக்காமச் சொல்லுங்கக்கா.”

நர்கீஸ் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“பொய் சொல்லுவாரு.”

ருக்ஸாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எங்க நிச்சயம் நின்னதுக்கு அவருதான் காரணம்னு ஊரே சொல்லுதுல்ல? அதுதான் அந்தப் பொய். நான் வேற ஒருத்தரை விரும்புறேன்னு அவருகிட்ட அழுதேன். என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு, தனக்குத்தான் பொண்ணப் பிடிக்கலைன்னு ஜமாத்துல சொல்லி, அம்புட்டு ஏச்சையும் அவரே வாங்கிக்கிட்டாரு.”

ருக்ஸார் வாசலிலேயே போனை எடுத்தாள்.

“அத்தா, தரகர் சொன்னது சரிதான். ஆனா, ரொம்பக் குறைச்சுச் சொல்லிட்டாரு.”