நிறம் காணாத கறித்தூள்

விமலேஸ்வரிக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று இராசமலர் முடிவு கட்டிவிட்டாள். பின்னே? பேச்சியம்மா வறுத்து இடித்த கறித்தூளை மூன்றாந்தரமும் தள்ளி வைத்தால்?

"நிறம் காணாது, வெளிறிக் கிடக்கு. எங்கடை பையிலை இதைப் போடேலாது," என்றாள் விமலேஸ்வரி.

துணுக்காயில், போரில் புருஷனைப் பறிகொடுத்த பதினெட்டுப் பெண்களின் கறித்தூள் சங்கம் அது. விமலேஸ்வரிதான் தலைவி. மூன்று தரம் தூள் தவறினால் வறுக்கிற வேலை இல்லை என்பது சங்கச் சட்டம்.

பேச்சியம்மா கண்ணைத் துடைத்தாள். "எங்க மலைநாட்டுப் பக்கம் இளஞ்சூட்டுலதாங்க வறுப்போம். கருக வறுக்கக் கை வரமாட்டேங்குது. மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

இராசமலருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எங்கடை தூளோடை கலந்துவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"வாங்கிற சனத்துக்கு நாக்கு இருக்கு."

"இது சங்கமோ, கடையோ?"

"ரெண்டும்தான்."

"மலைநாட்டு ஆள் எண்டுதானே உங்களுக்கு இளக்காரம்!"

விமலேஸ்வரி அந்த வெளிர் தூள் மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்படியொரு அழுத்தம்!

தலைவியை மாற்றியே தீருவதென்று இராசமலர் வீடு வீடாக அலைந்து பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடிதத்தை வாசிக்க எழும்பினாள். அந்நேரம் பார்த்து வாசலில் வான் வந்து நின்றது. வவுனியாக் கடைக்கார மஹ்றூப் இறங்கி ஓட்டமும் நடையுமாக விமலேஸ்வரியிடம் வந்தார்.

"தங்கச்சி, வித்துப் பாக்கச் சொல்லித் தந்தீங்களே ரெண்டு மூட்டை வெளிர் தூள், ஒரு சுண்டு அளவும் மிச்சமில்லை! எங்கட பக்கம் குடியேறின மலைநாட்டுச் சனம் தேடி வந்து கேக்குது. கிழமைக்கு நூறு கிலோ வேணும்."

அவர் நீட்டிய வெறும் பையில் விமலேஸ்வரியின் கையெழுத்து: 'பேச்சியம்மா கறித்தூள்'.

பேச்சியம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள் இராசமலர்.

"விக்குமோ எண்டு தெரியாமல் எப்பிடி ஆசை காட்டுறது? நீர் சொன்னமாதிரிக் கலந்திருந்தால், இவவின்ரை தூளை ஆர் தேடி வந்திருப்பினம்?"

இராசமலர் கடிதத்தைக் கிழிக்கப் போனாள். விமலேஸ்வரி சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தாள்.

"அதை வையும், தலைவியை மாத்தவேணும் எண்டு நீர் கேட்டது சரிதான். இண்டையிலையிருந்து பேச்சியம்மாதான் தலைவி. இளஞ்சூட்டிலை வறுக்க எனக்கும் ஆராவது பழக்கவேணுமே!"