சதுப்பில் வந்த படகு

"சுடாதீங்க ஐயா! அதுல வர்றது என் புள்ள!"

மூச்சிரைக்கக் கோட்டைச் சுவர்மேல் ஏறி வந்த நிக்கோலாசா, பீரங்கிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

பீரங்கித் தலைவன் பெர்னபே, எரியும் திரியைச் சட்டென்று பின்னால் இழுத்தான்.

"தள்ளு ஆத்தா! மரவள்ளிக் கிழங்குக்கு அடியில வெடிமருந்தை வச்சு அனுப்புறானுங்க ஸ்பெயின்காரனுங்க. எந்தப் படகு வந்தாலும் சுடணும்னு உத்தரவு."

விடுதலை கேட்ட தென் அமெரிக்கக் கார்த்தஹேனா நகரை ஸ்பெயின் படை வளைத்து மூன்று மாதமாகிவிட்டது. குதிரைகளும் கழுதைகளும் தீர்ந்துபோய், ஊரே செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தது.

கீழே, சதுப்பு நீரில் ஒற்றைப் படகு நெருங்கிக்கொண்டிருந்தது.

"முகமே தெரியல. உன் புள்ளன்னு எப்படிச் சொல்ற?"

"பெத்தவளுக்கு முகம் எதுக்குங்க? துடுப்புப் போடும்போது இடப்பக்கமா சாயுறான், பாருங்க. என் தாமசோதான்! கிழங்கு தேடி வெளிய போனவன்."

"பொய்யா இருந்தா?"

"இங்கயேதான் நிக்கிறேன். வெடிமருந்து இருந்தா முதல்ல என்னைச் சுடுங்க."

"கிழங்கா இருந்தா நமக்கும் ஒண்ணு கிடைக்குமா தலைவரே?" என்றான் பக்கத்திலிருந்த வீரன்.

"வாயை மூடிட்டுப் படகைப் பாருடா!"

படகு இன்னும் நெருங்கியது. இனி யோசிக்க நேரமில்லை. பெர்னபே திரியைத் தண்ணீர் வாளியில் அமுக்கினான்.

படகு கோட்டை வாசலைத் தொட்டதும் வீரர்கள் பாய்ந்து, மூட்டைகளை ஈட்டியால் குத்திப் பார்த்தார்கள்.

"கிழங்குதான் தலைவரே! வெறும் கிழங்கு!"

எலும்பும் தோலுமான ஓர் இளைஞன், தூக்கிய கைகளோடு வெலவெலத்து நின்றான்.

"போ ஆத்தா, போய்ப் புள்ளையக் கட்டிக்க." பெர்னபே வழிவிட்டான்.

நிக்கோலாசா ஓடிப்போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். அவன் திகைத்து விலகப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் காதருகே குனிந்தாள்.

"உன் பேரு என்னவா இருந்தாலும் சரி, இங்க நீ தாமசோ. யாரு கேட்டாலும் என்னை அம்மான்னு சொல்லு, ராசா."

போன செவ்வாய்க்கிழமை, கிழங்கோடு வந்த தாமசோவின் படகை இதே பீரங்கி மூழ்கடித்தபோது, அவள் இந்தச் சுவரின் பாதிப் படிதான் ஏறியிருந்தாள்.